மேல்செலவு நீங்கலாக

நான் பத்திரம் எழுதுகிறவன். தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் மேஜை போட்டு, முப்பத்தைந்து வருஷமாக அடுத்தவர்களுடைய வயலையும் வீட்டையும் கைமாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எந்தத் தாளை எடுத்தாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று கண் தேடும். கிரயப் பத்திரத்தில், மாவடை மரவடை, வண்டிப்பாதை, வாய்க்கால் தண்ணீர் பாத்தியம் உட்பட என்று ஒரு வரி வரும். அந்த 'உட்பட'வுக்குள் வராத எதுவும் வாங்கியவனுக்குச் சொந்தமில்லை. ஒரு தென்னைமரம் அந்த வரியில் விட்டுப்போனதால் அண்ணன் தம்பிகள் பத்து வருஷம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் கல்யாணப் பத்திரிகையைக்கூட வில்லங்கம் பார்த்துத்தான் படிப்பேன். இது ஒன்றும் சந்தோஷமான குணம் இல்லை. இதோடு வாழ்ந்து எனக்கே அலுத்துப்போய்விட்டது.

எனக்கு அறுபது முடியப் போகிறது என்றதும் சென்னையில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தான். எங்கள் பக்கத்தில் அறுபது என்றால் திருக்கடையூர். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, கலசத் தண்ணீரில் நனைந்து, கட்டிய மனைவிக்கே மறுபடியும் ஒரு தாலி கட்டி, சொந்தபந்தத்துக்குப் பந்தி போட வேண்டும். அதற்கு என்ன ஆகும் என்பது குருக்கள் தட்சிணை முதல் வேன் டிரைவர் பேட்டா வரை எனக்கு அத்துப்படி. ஊரில் பாதிப் பேர் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மண்டபமே பேசுவார்கள். மகனிடம் நான் அதை ஆரம்பிப்பதற்குள் மனைவி போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"திருக்கடையூர்ல எல்லாரும்தான் பண்ணிக்கிறாங்க தம்பி. எனக்கு ஒரு தடவை கப்பல்ல போகணும்" என்றாள்.

அவள் தரங்கம்பாடிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் பிறந்தவள். சின்ன வயதில் அவளுடைய அப்பா சைக்கிளில் வைத்துக் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போவாராம். பொழுது சாயும் நேரத்தில் எங்கேயோ தூரத்தில் ஒரு கப்பல் விளக்குப் போட்டுக்கொண்டு போகுமாம். அதில் யார் போவார்கள் என்று கேட்டால், காசு இருக்கிறவர்கள் என்பாராம். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் எவ்வளவு ஆகும் என்று சொல்வீர்கள் என்றாள். மனசுக்குள் ஏற்கனவே கூட்டிக்கொண்டிருந்தேன்.

மகன் டிக்கெட் போட்டுவிட்டான். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, நடுவில் ஒரு ஊரில் இறக்கிக் காட்டி, மூன்று ராத்திரி கழித்து மறுபடியும் சென்னையிலேயே கொண்டுவந்து விடுகிற கப்பல். நாங்கள் இரண்டு பேர், அவன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி என்று மொத்தம் ஐந்து பேர். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். டிக்கெட் அவன் பொறுப்பு, மேல்செலவு என் பொறுப்பு, அதில் அவன் கைவைக்கக் கூடாது. பிள்ளை காசில் கப்பல் ஏறினான் என்ற பேர் வந்தாலும் பரவாயில்லை, கப்பலில் ஏறியபிறகும் பிள்ளையிடம் கையேந்தினான் என்று ஆகக் கூடாது பாருங்கள். ஆறு மா நிலத்துக்கு, இரண்டாம் போகமான தாளடிக்கு உரிய குத்தகை வந்திருந்தது, இருபத்திரண்டாயிரம். அதற்குள் முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

கப்பல்காரர்களின் விதிமுறைகளை மகன் போனில் அனுப்பினான். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்தால் பதினாலு பக்கம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், மூன்று வேளைச் சாப்பாடு உட்பட. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேலையை எனக்கே காட்டுகிறார்களே என்று. மற்ற பதிமூன்று பக்கமும் அந்த உட்படவில் வராதவைதான். துறைமுக வரி தனி. தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தனி. ஆறு வயசுக் குழந்தைக்கும் உண்டு, அதற்கு அப்படி என்ன சேவை செய்யப் போகிறார்கள் என்று மகனைக் கேட்டேன், அவன் அப்பா விடுங்க என்றான். இன்டர்நெட் தனி. நடுவில் இறங்கும் ஊரில் சுற்றிக்காட்டும் பஸ் தனி. சாப்பாட்டுக் கூடத்தில் மெஷின் காபி சும்மா கிடைக்கும், மேல்தளத்துக் கடையில் நல்ல காபி குடித்தால் காசு. அறையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பற்றி இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி எழுதியிருந்தது. எதற்கு வம்பு, அதைத் தொடவே கூடாது என்று ஓரத்தில் குறித்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லங்கம் ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது. கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக ஒரு அட்டை தருவார்கள், எதை வாங்கினாலும் அதை நீட்டினால் போதும், கடைசி நாள் காலையில் மொத்தமாகப் பில் வரும். மளிகைக்கடையில் நோட்டுப் போட்டு வாங்கிய குடும்பங்கள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். அவர்களில் பலருடைய வீட்டுக்குக் கிரயப் பத்திரம் எழுதியவனே நான்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு முழுத் தாளில் சொத்து விவரம் எழுதுவதுபோல் இரண்டு பட்டியல் எழுதினேன். ஒன்று உட்பட, இன்னொன்று நீங்கலாக. எல்லாருக்கும் ஒரு நகல். மருமகள் போனில் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். மனைவி அடுப்படியில் நின்றபடி கடைசி வரை படித்தாள். "காபி நீங்கலாகவா?" என்று மட்டும் கேட்டாள். மெஷின் காபி இருக்கிறதே என்றேன். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் காபிப்பொடிக்காக மாதாமாதம் கும்பகோணம் போய்வருகிறவள். அது எனக்குத் தெரியாததில்லை.

துறைமுகத்தில் மூன்று இடத்தில் வரிசை. பையைச் சோதித்தார்கள், ஆதாரைப் பார்த்தார்கள், அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். நாலாவதாகக் கப்பலுக்குள் போகும் சரிவுப் பாதையின் வாசலில் நீலத் துணி கட்டி, பெரிய கேமராவோடு ஒரு வடக்கத்திப் பையன் நின்றான். ஒவ்வொரு ஜோடியாக நிறுத்தி எடுத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். எனக்கு அது என்னவென்று ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் சொத்தை விற்பவனையும் வாங்குபவனையும் கேமரா முன்னால் உட்காரவைத்துப் படம் பிடித்து, கைரேகை வாங்கினால்தான் பத்திரம் செல்லும். எத்தனை ஆயிரம் பேரை அந்த நாற்காலியில் நானே உட்காரவைத்திருப்பேன். மனைவியைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"நேரா பாரு. பல் தெரியக் கூடாது. ஆடினா மறுபடி எடுக்கணும்னு நிக்க வச்சிருவான்."

அதோடு விட்டேனா. இடது கைப் பெருவிரலை வேட்டியில் நன்றாகத் துடைத்து, ரேகை எங்கே வைக்க வேண்டும் என்று அந்தப் பையனிடம் நீட்டினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. கிழவர் உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார் என்று நினைத்து, அவனும் சிரித்துக்கொண்டே தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவனும் இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் அமுக்கிவிட்டான்.

உள்ளே போனதும் நான் பழைய ஆள் ஆகிவிட்டேன். மேல்தளத்தில் கலர் கலராகப் பழச்சாறு தட்டை ஒருவன் எல்லாருக்கும் நீட்டிக்கொண்டு வந்தான். சிரித்த முகம், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிறவன்போல. மனைவி கையை நீட்டினாள். நான் "நீங்கலாக" என்றேன். அவள் கையை மடக்கிக்கொண்டாள். பேத்தி உடனே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ்கிரீமைப் பார்த்தால், தாத்தா இது உட்படவா நீங்கலாகவா என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன். நீச்சல் குளத்தோரம் துண்டு வாங்க வாடகை உண்டா, பொம்மலாட்டம் பார்க்க டிக்கெட் உண்டா, மருமகள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எடுத்துவந்த சாத்துக்குடி சும்மாவா என்று விசாரித்து விசாரித்தே பொழுது போனது. முதுகு வலித்தது. கப்பலில் வந்து இவ்வளவு களைத்துப்போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூன்று நாளில் நான் கடலைப் பார்த்தது கொஞ்சம், விலைப்பலகைகளைப் பார்த்ததுதான் அதிகம்.

முதல் நாள் சாயங்காலமே அந்தப் போட்டோ விவகாரம் வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் சுவர் முழுக்கப் படங்களை மாட்டியிருந்தார்கள். ஏறும்போது எடுத்தவை. பேத்திதான் எங்களைக் கண்டுபிடித்தாள். முழுத்தாள் அளவில் பளபளவென்று இருந்தது. மனைவி தலை சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். நான் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிறேன். கடைவாயில் பல் போன இடம்கூடத் தெரிகிறது. கீழே சின்ன அட்டையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்று போட்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் பணத்தால் வந்ததில்லை. இன்றைக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். பதினாலு பக்கத்தில் இந்தப் போட்டோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் பட்டியலிலும் இல்லை. ரிஜிஸ்டர் போட்டோ என்று நானே வலியப் போய் நின்று, மனைவியையும் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். ஏமாந்துவிட்டேன் என்ற ஆத்திரம்தான் அது. நான் வாங்கிவிடுகிறேன் என்றான் மகன். ஒப்பந்தம் என்னவென்று அவனிடம் கேட்டேன். மருமகள் போனை எடுத்து அந்தப் படத்தையே படம் பிடிக்கப் போனாள். அங்கே நின்ற ஊழியர் கூடாது என்று எழுதியிருந்த பலகையைக் காட்டினார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"வேணாம் விடுங்க. போன்ல எவ்வளவோ எடுத்திருக்கே" என்று மனைவி முன்னால் நடந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற, தாளில் போட்ட படம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த ஆல்பம், ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்து வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது முகங்கள் தாளோடு வந்துவிட்டன. கப்பலில் போனில் எடுத்த படங்கள் இருக்கின்றனதான். ஊருக்கு வந்தபிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் கேமராவைப் பார்க்கிறாள், நான் வேறு எதையோ பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளைச் சாப்பாடு முடிந்ததும் மனைவி, வயிறு மந்தமாக இருக்கிறது, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவாள். நடப்பதற்குக் காசு இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசி நாள் காலையில் கதவுக்கு அடியில் ஒரு உறை கிடந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பிரித்தேன். என் பெயர், அவள் பெயர், அறை எண். சேவைக் கட்டணத்தை முன்னாலேயே கட்டியிருந்தேன். மற்றபடி செலவுப் பகுதி முழுக்க வெள்ளையாக இருந்தது. கீழே மொத்தம் சைபர். என் வாழ்க்கையில் எந்தப் பத்திரத்தையும் அவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். நல்லதுங்க என்றாள்.

இறங்குவதற்கு வரிசையில் நின்றோம். மகனும் பேத்தியும் மனைவியும் பெட்டிகளோடு முன்னால் போய்விட்டார்கள். மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. அத்தை நடக்கப் போறேன்னு சொல்லிட்டு தெனமும் அந்த போட்டோ முன்னாடிதான் நின்னாங்க. நான் வாங்கித் தரேன்னேன். மாமாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்க, வேணாம்னுட்டாங்க. உங்க மாமா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லம்மா, அதான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்னாங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். எல்லாரும் இறங்கி வருகிற படிக்கட்டில் நான் மட்டும் ஏறினேன். இரண்டு மாடி. மூட்டு வலி எனக்கு உண்டு, அன்றைக்கு அது நினைவில் இல்லை. போகும்போதே இடுப்புப் பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கப்பலில் ரொக்கம் செல்லாது என்று சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டவனே நான்தான்.

சுவர் காலியாக இருந்தது. படங்களைச் செருகியிருந்த கம்பிகள் மட்டும் வரிசையாக இருந்தன. கீழே உட்கார்ந்து ஒரு பெண் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, தமிழ்ப் பெண். என் அறை எண்ணைச் சொல்லி, கட்டைவிரலையும் நீட்டிக் காட்டி, அந்தப் படம் என்றேன். அவளுக்கு நினைவிருந்தது. அந்தம்மா வந்து வந்து பார்ப்பாங்களே, அதுதானே என்றாள். விற்காத படங்களையெல்லாம் நேற்றே எடுத்து மெஷினில் போட்டுக் கிழித்துவிட்டார்களாம். கம்ப்யூட்டரில் இருக்குமே, கூட எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன்.

"அதையும் அழிச்சாச்சு சார். அடுத்த டிரிப்புக்கு ஆளுங்க ஏறப் போறாங்க" என்றாள்.

கீழே மனைவி பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எங்கே போனீர்கள் என்று கேட்டாள். என் கையில் இருந்த பணத்தைப் பார்த்தாள். விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னேன். நான்தான் பார்த்துவிட்டேனே, விடுங்கள் என்றாள். அப்புறம் துறைமுக வாசலில் இருந்த கடையில் எல்லாருக்கும் காபி வாங்கினேன். பெரிய கிளாஸ் அவளுக்கு. அவள் பாதிதான் குடித்தாள், தலைவலி என்றாள்.

ஊருக்கு வந்த மறுநாள் அந்தப் பில்லைக் கிழித்துப் போடப் போனேன். அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுப் பத்திரமும் நிலத்துப் பட்டாவும் இருக்கிற தகரப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"இருக்கட்டுங்க. நாம ரெண்டு பேரும் போனோம்ங்கிறதுக்குத் தாளா இது ஒண்ணுதான் இருக்கு."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. குத்திக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோ. எவ்வளவு என்று கேட்காமலே உள்ளே போனேன். அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், நான் புது வேட்டி. போட்டோக்காரர் நல்ல மனிதர், சிரிங்க சார், சிரிங்க சார் என்று நாலைந்து தடவை சொன்னார். கட்டைவிரலைக்கூட நீட்டிப் பார்த்தேன். மனைவி என் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, அப்படியே எடுத்துடுங்க என்றாள்.

படம் வந்தது. இரண்டு பேரும் நேராகப் பார்க்கிறோம். ஆடவில்லை, பல் தெரியவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிக் கூடத்துச் சுவரில் அவளே மாட்டினாள். மாட்டும்போது பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அதன் முன்னால் நின்று நான் பார்க்கவில்லை.